திருவுலாக் கூடம்

1851-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னைப் பொருட்காட்சிசாலையின் செப்புத் திருமேனிகளைக் கொண்டு, ஏட்டளவில் ஒரு கூடம் வகுக்குமாறு பணிக்கப்பெற்று, வகுப்பு மாணவர் யாம் நால்வர் நால்வராகப் பிரிந்தோம். எம் குழுவிற்கு வாய்த்த பொருள் ‘திருவுலா’. திருமேனிகளைத் தெரிதல், இடத்தை அளத்தல், குறிப்பு வரைதல் என வேலையைப் பங்கிடுதல் எளிதாகவே முடிந்தது. பூசல் பின்னரே விளைந்தது.

திருமேனிகள் பலவற்றின் பீடத்தில் துளைகள் உள. அவை தண்டு கோத்துச் சுமத்தற்கு அமைந்தவை. சிற்பி வார்த்த மேனியழகோ உலாவின்போது பட்டினாலும் மாலையினாலும் மறைந்துவிடும். வீதியில் நின்றார் கண்டது பெரும்பாலும் முகமும் கையுமே. கண்ணாடிப் பேழையுள் மேனி முழுதும் தோன்றுகிறது. உலா மறைந்து போகிறது. ஆதலின் ஒன்றற்கேனும் ஆடை சாத்துக என்றார் ஒருவர். சிற்பியின் கைத்திறத்தை மூடுதல் தகாது என்றார் மற்றொருவர். கிறிஸ்தவராகிய யாம் இருவரும், பிறர் வழிபடும் திருமேனிக்கு ஆடை சாத்த எமக்கு உரிமை ஏது என்று வாளாவிருந்தோம்.

ஈற்றில், ஆடையின்றியே ஒரு திருமேனியைத் தோளுயரத்தில் ஏற்றி, பீடத்தின் கீழ் இரு தண்டுகளை மட்டும் வைப்பதெனத் துணிந்தோம். புகழ்மிக்க திருவாலங்காட்டு நடராசரை விலக்கினோம். அவரெதிரே எவரும் நின்றுவிடுவர், பின்வருவோர் நகரார். இவ்விலக்கை எம் ஆசிரியர் இன்னும் ஒப்பவில்லை.