சேலையின் சிவப்புக்கு ஒரு கல்

இலங்கையில் அப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலை எழும்பியது 1890இல். அதன் முதலாளி தோமஸ் லிப்டன் விளம்பரத்தில் கெட்டிக்காரர். தோட்டத்திலிருந்து நேரே உங்கள் தேநீர்க் குடுவைக்கு என்று சீமைக்காரரிடம் சொல்லி விற்றார். விளம்பரப் படங்களில் சேலையும் நகையுமாக ஒரு தமிழ்ப் பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

அக்காலத்து வண்ண விளம்பரங்கள் பெரும்பாலும் கல்லச்சில் பிறந்தவை. வழவழப்பான சுண்ணக்கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், ஈரம் பிடித்த இடம் மையைத் தள்ளிவிடும். பசை உள்ள இடம் வாங்கிக்கொள்ளும். நிறத்துக்கு ஒரு கல். சேலையின் சிவப்பு ஒன்றில், நகையின் மஞ்சள் இன்னொன்றில். தாள் கொஞ்சம் நகர்ந்தாலும் தோட்டின் மஞ்சள் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஜப்பானியர் இதே வேலையை அதற்கு முன்பே மரத்தில் செய்தார்கள். எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், 1765 வாக்கில் பல வண்ண அச்சு பரவியது. நிறத்துக்கு ஒரு செர்ரிப் பலகை. தாள் பிசகாதிருக்கப் பலகை ஓரத்தில் இரண்டு வெட்டுக்குறிகள். அப்படி அச்சேறியவர்களில் எடோவின் கணிகையர் பேட்டையான யோஷிவாராவின் பெண்கள் பேர்போனவர்கள். 1770களில் ஓவியர் இசோடா கொரியூசாய் அவர்களை வரைந்து தொடங்கிய வரிசை நூறு படங்களைத் தாண்டியது. முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல், கவனமெல்லாம் துணியில்தான். முன்புறம் முடிந்த இடுப்புப் பட்டை, ஆமையோட்டுக் கொண்டையூசிகள், புத்தாண்டுக்கு வந்த புது வேலைப்பாடு. குடும்பப் பெண்களும் அதைப் பார்த்து உடுத்தினார்கள். படத்தில் கணிகையின் பெயரும் விடுதியின் பெயரும் இருக்கும், வாடிக்கைக்காரர் தேடி வர வேண்டுமே. லிப்டன் படத்தில் லிப்டனின் பெயர் மட்டும்.

யோஷிவாராப் பெண் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக வந்தவள். பட்டாடைச் செலவும் அவள் தலையில்தான் ஏறும்; அலங்காரம் கூடக் கூடக் கடனும் கூடும்.

அப்புத்தளை இருக்கும் ஊவாவின் மலையில் கொழுந்தெடுத்தவளின் உடுப்பு விளம்பரத்துக்கு ஒத்துவராது. மழைக்கும் குளிருக்கும் தலையில் கம்பளி, செடி கிழிக்காமல் இடுப்பில் படங்கு. அந்தக் கம்பளியும் அரிசியைப் போலவே கணக்கில் கொடுத்துச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. அப்படிச் சேர்ந்த கடன் தொகை ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதப்பட்டு, ஆள் தோட்டம் மாறினாலும் கூடவே போனது. 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது.