அறிமுகமில்லாத கட்டளையை விளங்கிக்கொள்ளல்

லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகைப் பணிசெயல் முறைமைகளில் நூற்றுக்கணக்கான கட்டளைகள் உள்ளன. அவை அனைத்தையும் மனனம் செய்ய வேண்டியதில்லை. புதிய கட்டளையொன்றைக் கண்டால் அதன் பயனைக் கணினியிடமே கேட்டறியலாம். கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் 1971 நவம்பரில் வெளியிட்ட முதலாவது யுனிக்ஸ் கைந்நூலில் ஒவ்வொரு கட்டளையும் பெயர், பொழிப்பு, விபரம் என்னும் தலைப்புகளின் கீழ் விளக்கப்பட்டது. இன்றும் அவ்வொழுங்கே பின்பற்றப்படுகிறது.

கட்டளையை இயக்க முன்னர் பின்வரும் நான்கு வினாக்களுக்கும் விடை காண்க.

1. அது எவ்வகையானது?
"டைப்" என எழுதி, இடைவெளி விட்டுக் கட்டளையின் பெயரைத் தருக. அது தனியான நிரலா, ஷெல்லின் உள்ளேயே அமைந்ததா என்பது தெரியவரும். அடைவு மாற்றும் "சிடி" உள்ளமைந்த கட்டளையாகும். பாஷ் ஷெல்லில் இத்தகையவற்றுக்கு "ஹெல்ப்" விளக்கம் தரும்.

2. அது என்ன செய்யும்?
"வாட்இஸ்" கட்டளை ஒரு வரி விளக்கம் தரும். அதில் அடைப்புக்குறிக்குள் வரும் எண் கைந்நூலின் பகுதியைக் குறிக்கும்: 1 பயனர் கட்டளைகள், 5 கோப்பு வடிவங்கள், 8 முறைமை நிருவாகக் கட்டளைகள்.

3. எவ்வாறு எழுத வேண்டும்?
"மேன்" கட்டளை மூலம் கைந்நூற் பக்கத்தைத் திறந்து பொழிப்பை வாசிக்குக. சதுர அடைப்புக்குள் உள்ளவை விருப்பத்துக்குரியவை. மூன்று புள்ளிகள், முன்னுள்ளது பல தடவை வரலாம் என்பதைக் காட்டும். வெளியேற "கியூ" விசையை அழுத்துக.

4. எதனை மாற்றும்?
விபரப் பகுதியை வாசித்தபின், வேறோர் அடைவில் கோப்புகளின் பிரதிகளை வைத்து, சாதாரண பயனராகப் பரீட்சித்துப் பார்க்குக.

உதாரணம்:
"டிடி" கட்டளைக்கு "வாட்இஸ்" தரும் விளக்கம், கோப்பை மாற்றிப் பிரதிசெய்தல் என்பதாகும். இது பாதுகாப்பானதாகவே தோன்றும். ஆனால் கைந்நூலை வாசித்தால், "ஐஎஃப்" உள்ளீட்டுக் கோப்பையும் "ஓஎஃப்" வெளியீட்டுக் கோப்பையும் குறிப்பது தெரியும். இவ்வருடப் புள்ளிகள் உள்ள கோப்பைப் பழைய பிரதியின் மேல் எழுத முயலும் ஒருவர் இவ்விரண்டையும் இடம்மாற்றி எழுதினால், பழைய பிரதியே புதிய புள்ளிகளின் மேல் எழுதப்படும். கணினி "நிச்சயமா?" எனக் கேட்காது. அழிந்தவை குப்பைத் தொட்டியிலும் இருக்கமாட்டா. எனவே ஒரு வரி விளக்கத்துடன் நின்றுவிடக் கூடாது.

மாதிரி வினா:
ஒரு கட்டளையின் பொழிப்பு "சிபி [தெரிவு]... மூலம் இலக்கு" என உள்ளது. கட்டாயம் தரவேண்டியவை எவை? அவற்றின் வரிசை ஏன் முக்கியமானது?

விடை:
மூலமும் இலக்கும் கட்டாயமானவை. தெரிவு சதுர அடைப்புக்குள் உள்ளதால் கட்டாயமன்று. வரிசை மாறினால் பாதுகாக்க விரும்பிய கோப்பே மேலெழுதப்படலாம்.

நினைவிற் கொள்க: விளங்காத கட்டளையை இயக்கிப் பார்த்து அறிய முயலாதீர்கள், வாசித்து அறிந்த பின்னரே இயக்குங்கள்.