படம் பாதி சொல்லும்... மீதியைச் சொல்வது யார்? - வெங்காயம் முதல் கைவிலங்கு வரை!

வெங்காய விலை ஏறும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் ஒரு காட்சி தவறாமல் வரும். கூடை நிறைய வெங்காயம். அதன் மேல், 'உரிக்காமலேயே கண்ணீர்' என்கிற ரீதியில் ஒரு தலைப்பு.

படத்தில் கண்ணீர் இல்லை. அழுகிற ஆளும் இல்லை. தலைப்பில் விலை இல்லை. 'வெங்காயம்' என்ற சொல்கூட இல்லை. ஆனாலும், 'இந்த மாத பட்ஜெட்டில் துண்டு விழப்போகிறது' என்று இல்லத்தரசி முதல் ஹாஸ்டல் மாணவர் வரை எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அதற்கு ஆகும் நேரம், மொபைல் திரையைக் கட்டைவிரலால் ஒருமுறை தள்ளும் நேரம்தான்.

ராக்கெட்டில் ஏறும் தங்கம், பங்குச்சந்தையில் மோதிக்கொள்ளும் காளையும் கரடியும், தேர்தல் நேரத்து நாற்காலி என்று தினமும் இப்படி எத்தனையோ படங்களைப் பார்க்கிறோம். அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் இதே வித்தை ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது. ஓர் இணையதளத்தையே முடக்கியிருக்கிறது. உலகப் புகழ்பெற்ற ஒரு பத்திரிகையைத் தன் செய்தியைத் திருத்த வைத்திருக்கிறது.

தமிழ் வகுப்பில் படித்ததுதான்!

பள்ளியில் படித்த அணி இலக்கணம் ஞாபகம் இருக்கிறதா? 'மலர் போன்ற முகம்' என்றால் உவமை. 'முகமலர்' என்றால் உருவகம். முகமும் மலரும் வேறு வேறல்ல, ஒன்றே என்று சொல்லிவிடுவது.

அதில் இன்னொரு வகை உண்டு. பெயர், ஏகதேச உருவகம். தொடர்புடைய இரண்டு பொருள்களில் ஒன்றை மட்டும் உருவகமாகச் சொல்லிவிட்டு, இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவது. பாடப்புத்தகத்தில் இதற்குத் தரப்படும் உதாரணம் ஒரு திருக்குறள். ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்கிறார் வள்ளுவர். செயலை உரைகல் ஆக்கியவர், அதில் உரசிப் பார்க்கப்படும் பொன் எது என்று சொல்லவில்லை. அதை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

செய்திப் படங்களும் இதைத்தான் செய்கின்றன. படம் ஒரு பாதியைச் சொல்லும். எழுத்து இன்னொரு பாதியைச் சொல்லும். இரண்டுமே சொல்லாத ஒன்றை வாசகர் மனசுக்குள் சொல்லிக்கொள்வார். முழு அர்த்தமும் பிறப்பது அங்கேதான்.

தமிழில் இந்த வழக்கத்துக்கு நூறாண்டு தாண்டிய வரலாறு இருக்கிறது. 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அரசியல் கார்ட்டூன்களைத் தொடர்ந்து வெளியிட்டார் பாரதியார். தமிழ் இதழியலில் அது புது முயற்சி. கார்ட்டூன் பார்த்துப் பழகாத வாசகர்களுக்காக, படம் எதைக் குறிக்கிறது என்ற விளக்கமும் அச்சானது. அந்தக் கார்ட்டூன்களைத் தேடித் தொகுத்து 1994-ல் நூலாக்கினார் வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி.

குளியல் தொட்டியில் ஒரு கையெழுத்து

1975 ஜூன் 25 இரவு நாட்டில் எமர்ஜென்சி அறிவிக்கப்பட்டது. அறிவிப்பில் கையெழுத்திட்டவர், அப்போதைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது. அடுத்த சில மாதங்களில் அவசரச் சட்டங்கள் வரிசையாக வந்தன. பத்திரிகைகள் மீது கடும் தணிக்கை. என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த காலம்.

அந்த டிசம்பர் 10-ம் தேதி, 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் அபு ஆபிரகாம் வரைந்த கார்ட்டூன் ஒன்று வெளியானது. குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் இருக்கிறார். கதவிடுக்கில் ஒரு கை நீள்கிறது. கையெழுத்திட்ட காகிதத்தை அந்தக் கையிடம் கொடுத்தபடியே, இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லும்படி கூறுகிறார். அவ்வளவுதான்.

வசனத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். குளிக்கும்போதுகூட வேலை பார்க்கும் ஒரு பிஸியான மனிதர். படத்தை எடுத்துவிட்டு வசனத்தை மட்டும் படியுங்கள். எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய சாதாரணப் பேச்சு. தணிக்கை அதிகாரி சிவப்பு மையால் அடிப்பதற்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்? 'படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்' என்று தோன்றுகிறது. 'ரப்பர் ஸ்டாம்ப்' என்ற சொல் கார்ட்டூனில் எங்கும் இல்லை. அதைச் சொல்வது வாசகர். வாசகரின் மனசுக்குள் இருப்பதைத் தணிக்கை செய்ய எந்த அரசிடமும் அதிகாரி இல்லை. எமர்ஜென்சி காலம் என்றாலே இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படும் கார்ட்டூன் இது.

'மாதிரி' என்ற ஒரு சொல்

அடுத்த கதை நம் ஊரில் நடந்தது. 1987 மார்ச் மாதம், ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வெளியானது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படித் திருடர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ, முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது.

யாருடைய பெயரும் இல்லை. எந்தக் கட்சி என்றும் இல்லை. ஆனால் விஷயம் சட்டப்பேரவைக்குப் போனது. உரிமை மீறல் என்றார்கள். மன்னிப்புக் கேட்க மறுத்தார் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன். அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தார் அன்றைய சபாநாயகர் பி.ஹெச்.பாண்டியன். ஏப்ரல் 4-ம் தேதி ஆசிரியர் சிறைக்குப் போனார். நாடு முழுக்கப் பத்திரிகையாளர்கள் கொதித்தெழ, சில நாள்களிலேயே விடுவிக்கப்பட்டார்.

இலக்கணப்படி பார்த்தால், அந்த ஜோக்கில் இருந்தது உருவகம்கூட இல்லை. 'மாதிரி' என்று இருப்பதால் வெறும் உவமைதான். ஜோக் 'மாதிரி'யோடு நிறுத்திக்கொண்டது. 'அது நாங்கள்தான்' என்று முடித்துவைத்தது சட்டப்பேரவை!

பாலசுப்ரமணியன் விஷயத்தை அப்படியே விட்டுவிடவில்லை. தன் கைது சரியல்ல என்று வழக்குத் தொடுத்தார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடையாள இழப்பீடாக 1,000 ரூபாய் கிடைத்தது. அதைச் செலவு செய்யாமல் ஃப்ரேம் போட்டு வைத்துக்கொண்டார் அவர்.

படத்துக்கு வெளியே இருந்த சங்கிலி

38 ஆண்டுகள் கழித்து, அதே நிறுவனம் இன்னொரு படத்துக்காக மறுபடியும் நீதிமன்றப் படி ஏற நேர்ந்தது.

2025 பிப்ரவரி 5-ம் தேதி, அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்ட 104 இந்தியர்களுடன் ஒரு ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. கைகளிலும் கால்களிலும் விலங்கு மாட்டியே அவர்கள் அழைத்து வரப்பட்டார்கள் என்ற செய்தி நாட்டை உலுக்கியது. அதே மாதம், விகடன் பிளஸ் இணைய இதழின் அட்டையில் ஒரு கார்ட்டூன் வந்தது. அதில், அமெரிக்க அதிபர் ட்ரம்ப் அருகில் பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருந்தார்.

பிரதமரை இழிவுபடுத்துவதாக பா.ஜ.க தரப்பிலிருந்து புகார் எழுந்தது. பிப்ரவரி 15-ம் தேதி இரவு விகடன் இணையதளம் பலருக்கும் திறக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தளம் முடக்கப்பட்டிருந்தது. மார்ச் 6-ம் தேதி, வழக்கு முடியும்வரை குறிப்பிட்ட கார்ட்டூன் பக்கத்தை மட்டும் நீக்கிவைத்தால் தளத்தைத் திறந்துவிடலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

இங்கே விலங்குக்கு அர்த்தம் கொடுத்தது கார்ட்டூனில் இருந்த எழுத்து அல்ல. அந்த வாரத்துச் செய்தி. அதைப் படித்தவருக்கு அது தொழிலாளர்களின் கைகளிலிருந்து பிரதமரின் கைக்கு மாறிய விலங்கு. படிக்காதவருக்கு, ஒரு தலைவரைக் கைதியாகக் காட்டும் படம். ஒருவருக்கு விமர்சனமாகத் தெரிந்த அதே கோடுகள் இன்னொருவருக்கு அவமதிப்பாகத் தெரிந்ததற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

கார்ட்டூனுக்குச் சரி... போட்டோவுக்கு?

2016 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் 'டைம்' இதழ் ஓர் அட்டை வெளியிட்டது. ஆரஞ்சு நிறத்தில் உருகி வழியும் முகம். கண் இல்லை, மூக்கு இல்லை. வாயும் தலைமுடியும் மட்டும். கூடவே 'மெல்ட்டவுன்' என்று ஒரே ஒரு சொல். அப்போது தேர்தல் களத்தில் இருந்த ட்ரம்ப்பின் பிரசாரம் சரிகிறது என்பது செய்தி. எடெல் ரோட்ரிகஸ் வரைந்த ஓவியம் அது. மனித முகம் மெழுகுபோல உருகாது என்று எல்லோருக்கும் தெரியும். எனவே யாரும் ஏமாறவில்லை.

இரண்டு வருடங்கள் கழித்து அதே இதழ், ஓவியத்துக்குப் பதில் ஒரு நிஜப் புகைப்படத்தைக் கையில் எடுத்தது. 2018 ஜூன் மாதம், அமெரிக்க - மெக்சிகோ எல்லையில் தாயைக் காவலர் சோதனையிடும்போது கதறி அழும் இரண்டு வயது ஹோண்டுராஸ் சிறுமியைப் புகைப்படக்காரர் ஜான் மூர் படமெடுத்திருந்தார். எல்லையில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் நடைமுறையால் அமெரிக்காவே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். சிறுமியின் படத்தை மட்டும் வெட்டியெடுத்து, சிவப்புப் பின்னணியில், அவளைக் குனிந்து பார்க்கும் ட்ரம்ப்புக்கு எதிரே நிறுத்தியது டைம். பக்கத்தில், அமெரிக்காவுக்கு வரவேற்கும் இரண்டு மூன்று வார்த்தைகள்.

படம் பார்த்தவர்கள் கலங்கிப்போனார்கள். பிறகு தெரிந்தது, அந்தச் சிறுமி தாயிடமிருந்து பிரிக்கப்படவே இல்லை. இருவரும் ஒன்றாகத்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். டைம் தன் இணையக் கட்டுரையைத் திருத்தியது. ஆனாலும், அது அந்த நேரத்தின் நிலைமையைக் குறிக்கும் படம் என்று சொல்லி அட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. வெட்டாத மூலப் புகைப்படம் 2019-ல் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதை வென்றது.

பிள்ளைகள் பிரிக்கப்பட்டது உண்மை. சிறுமி அழுததும் உண்மை. 'இந்தச் சிறுமி பிரிக்கப்பட்டாள்' என்பது மட்டும் உண்மை இல்லை. அட்டையில் அது எழுதப்படவும் இல்லை. வாசகர்தான் நிரப்பிக்கொண்டார்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கார்ட்டூனைப் பார்க்கும்போது, 'இது ஒருவரின் கருத்து' என்று நமக்குத் தெரியும். புகைப்படத்தை நாம் சாட்சியாகப் பார்க்கிறோம். சாட்சியையே உருவகமாக்கினால், சொல்லாமல் விட்ட பாதியையும் நடந்த விஷயமாகவே நம்பிவிடுகிறோம். அதனால் உண்மையிலேயே பிரிக்கப்பட்ட குழந்தைகளின் கதையைக்கூட, 'அந்தப் படமே பொய்யாமே' என்று தள்ளிவிட சிலருக்கு வழி கிடைத்துவிடுகிறது.

கட்டைவிரல் டெஸ்ட்

வாட்ஸ்அப் குடும்ப குரூப்புக்கு வரும் ஃபார்வேர்டுகளில் பாதி இதே ஃபார்முலாதான். எங்கோ, என்றோ எடுத்த ஒரு போட்டோ. அதன் மேல் இன்றைய கோபத்துக்கு ஏற்ற ஒரு வரி. அது டைம் இதழில் வரவில்லை, அதனால் திருத்தம் போடவும் ஆள் இல்லை.

அதற்கு ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கிறது. முதலில் எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். இது யார், எந்த இடம், எப்போது எடுத்தது என்று படம் சொல்கிறதா? அடுத்து, படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படியுங்கள். அது தகவலா, கோபமா? கடைசியாக இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இரண்டிலுமே இல்லாத எதை நாம் நம்பத் தொடங்கினோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபார்வேர்டு செய்வதற்கு முன் சரிபார்க்க வேண்டியது அந்த மூன்றாவதைத்தான்.

வெங்காயப் படத்தில் அந்த மூன்றாவது விஷயம், 'விலை ஏறிவிட்டது' என்பது. பக்கத்துத் தெரு மளிகைக் கடையில் கேட்டால் தெரிந்துவிடும். மற்ற படங்களுக்கு இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும்.