சொகுசுக் கப்பல் பயண முன்பணம்

சொகுசுக் கப்பல் பயண முன்பணம் என்பது கப்பலில் ஓர் அறையைப் பயணியின் பெயரில் ஒதுக்குவதற்காக முன்பதிவின்போது செலுத்தப்படும் தொகையாகும். மீதிக் கட்டணத்தைப் பெரும்பாலும் கப்பல் புறப்படுவதற்குச் சுமார் 90 நாட்களுக்கு முன் கட்டி முடிக்க வேண்டும். இக்கெடு நிறுவனத்துக்கும் பயண நாட்களுக்கும் ஏற்ப மாறும்.

அமெரிக்கச் சந்தையில் ராயல் கரீபியன் முதலிய நிறுவனங்களில் முன்பணம் இரு வகைப்படும். திருப்பித் தரப்படும் வகையில், கெடுவுக்குள் பயணத்தைக் கைவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். திருப்பித் தரப்படாத வகையில் கட்டணம் பொதுவாகக் குறைவு. ஆனால் கைவிட்டால் பணம் கைக்கு வராது. சில நிறுவனங்கள் கழிவு போக மீதியை அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கின்றன. விடுப்பு உறுதியாகாதவர்களுக்கு இந்த மலிவு உண்மையில் மலிவன்று. கெடு முடிந்தபின் இரு வகைக்கும் ரத்துக் கட்டணம் உண்டு. நாள் நெருங்க நெருங்க அது கூடும்.

சனவரி முதல் மார்ச்சு வரையான 'அலைப் பருவத்தில்' சலுகைகள் மிகுதி. அலாசுக்காவுக்கு ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையே கப்பல்கள் செல்வதால், குடும்பமாகத் தங்கும் பெரிய அறைகள் விரைவில் தீர்ந்துவிடும். அவற்றை ஓராண்டு முன்பே பதிவது நல்லது. விற்காத அறைகள் கடைசி வாரங்களில் விலை குறைவதுண்டு. துறைமுகத்துக்கு அருகில் வசிப்போருக்கே அது பயன்படும். மற்றவர்களுக்கு அந்த மிச்சம் விமானக் கட்டணத்தில் கரைந்துவிடக்கூடும்.