ரியாக்ற் பயிலப் புகுவோர் முன்னறிய வேண்டுவன

வலைப்பக்கம் ஆக்கும் தொழிலை விரும்பும் மாணவர் இன்று பெரும்பாலும் ரியாக்ற் என்னும் பெயரையே முதலிற் கேள்வியுறுகின்றனர். திரையிலே தோன்றும் பகுதிகளைக் கூறு கூறாக அமைத்தற்குப் பேஸ்புக் நிறுவனத்தார் ஆக்கி, 2013ஆம் ஆண்டில் யாவர்க்கும் பொதுவாக வெளியிட்ட கருவி அது. அதனைச் சட்டகம் என்பாரும் நூலகம் என்பாரும் உளர். அவ்வழக்கு ஈண்டு வேண்டற்பாலதன்று. அது ஜாவாஸ்கிரிப்ற் மொழியின்மேல் எழுந்தது என்பதே கருதற்பாலது.

அம்மொழி 1995ஆம் ஆண்டில், நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவராற் பத்து நாள்களில் முதல் வடிவம் பெற்றது. 2015ஆம் ஆண்டின் தரப் பதிப்பு அதனைப் பெரிதும் புதுக்கிற்று. மாறி, நிபந்தனை, மீள்செயல் என்பன எல்லாச் செய்நிரல் மொழிகளுக்கும் பொதுவாதலின் அவற்றை விரித்தல் வேண்டா. மாணவர் பெரிதும் இடர்ப்படுமிடம் பிறிதொன்று.

ஒரு மாறியிலுள்ள 75 என்னும் எண்ணை வேறொரு மாறிக்குக் கொடுத்து, பின்னதை 80 ஆக்கினும் முன்னது 75 ஆகவே நிற்கும். அணியொன்றைக் கொடுத்தாலோ நிகழ்வது வேறு. மாறியினுள் இருப்பது அணியன்று. அணி இருக்குமிடத்தின் விலாசமே. ஒரு வீட்டின் விலாசத்தை இருவர் தத்தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பது போன்றது இது. ஒருவர் சென்று சுவருக்கு நிறம் பூசினால், மற்றவர் செல்லும்போதும் அந்நிறமே தோன்றும்.

இனி, ரியாக்ற் ஓர் அணி மாறியதா என்று அறிதற்குப் பழைய விலாசத்தையும் புதிய விலாசத்தையும் ஒப்பிடுமேயன்றி, வீட்டினுள் நுழைந்து பாராது. வகுப்பின் புள்ளிப் பட்டியலில் ‘புஷ்’ என்னும் கட்டளையால் ஒரு புள்ளியைச் சேர்த்து, அவ்வணியையே புதிய நிலையாகத் திருப்பிக் கொடுக்கும் மாணவன் திரையில் எம்மாற்றமுங் காணான். பிழைச் செய்தியும் தோன்றாது. அவன் ரியாக்றைக் குறை கூறுவான். குறையோ மொழியறிவிற் கிடக்கின்றது. பழைய அணியின் பெயருக்கு முன் மூன்று புள்ளிகளை இட்டு அதன் உறுப்புகளைப் புதிய அணியொன்றில் விரித்து, அதன்பின் புதியதைச் சேர்ப்பின் விலாசம் வேறாகும்; திரையும் மாறும். எனினும் இப்படியெடுப்பு மேலோட்டமானதே. உள்ளே பொருள்கள் இருப்பின் அவற்றின் விலாசங்களே படியெடுக்கப்படும். ‘கொன்ஸ்ற்’ என அறிவித்த அணி மாறாது என்று எண்ணுவதும் இதன்பாற்பட்ட மயக்கமே. அச்சொல் விலாசத்தைப் பூட்டுமன்றி வீட்டைப் பூட்டாது.

அடுத்து, இம்மொழியிற் சார்பு தானும் ஒரு பெறுமானம் என்பதை அறிதல் வேண்டும். பொத்தானை அழுத்தும்போது ‘சேமி’ என்னும் சார்பு இயங்க வேண்டுமாயின், அதன் பெயரை மட்டும் கொடுத்தல் தகும். பெயரின்பின் அடைப்புக்குறியையும் இட்டுவிடின், பொத்தானை எவருந் தொடுமுன்னரே, திரை வரையப்படுந்தோறும் அது இயங்கிவிடும். சமையற்காரரை அனுப்புதலும் சமைத்த சோற்றை அனுப்புதலும் ஒன்றல்லவே!

சார்பு, தான் பிறந்த சூழலின் மாறிகளையும் உடன்கொண்டு செல்லும். ரியாக்றில் ஒவ்வொரு வரைவுக்கும் தனிச்சூழல் உண்டு. எண்ணிக்கை 0 ஆயிருந்த முதல் வரைவில் மட்டும் தொடங்கிய நேரங்காட்டி, வினாடிதோறும் அந்தப் பழைய 0 உடனேயே 1ஐக் கூட்டிக்கொண்டிருக்கும். திரையில் 1 தோன்றியபின் எண் நகராது. முந்திய நிலையைப் பெற்றுப் புதியதைத் தரும் சார்பொன்றைக் கொடுப்பதே இதற்கு மருந்து. வழங்கியிலிருந்து தரவு வேண்டும் கட்டளையும் இவ்வாறே மயக்குவது. அது உடனே தருவது தரவன்று, பின்னர் தருவதாகிய வாக்குறுதியே.

இவற்றைக் கற்பதாற் காலம் வீணாகும் என்பாருளர். கூகிள் நிறுவனத்தார் 2010இல் வெளியிட்ட அங்குலர்ஜேஎஸ் என்னுஞ் சட்டகம், 2016இல் முந்தியதனோடு ஒவ்வாத வகையிற் புதிதாக எழுதப்பட்டது. பழையதற்கான ஆதரவு 2021ஆம் ஆண்டின் முடிவில் நின்றது. 1995இல் எழுதிய எளிய ஜாவாஸ்கிரிப்ற் வரிகளோ பெரும்பாலும் இன்றும் உலாவிகளில் இயங்குகின்றன.

ஆதலின், பயிலப் புகும் மாணவர் முதலிற் சட்டகம் எதுவுமின்றி, புள்ளிகளைச் சேர்க்கவும் நீக்கவும் 40க்குக் குறைந்தவற்றைப் பிரித்துக் காட்டவும் வல்ல சிறு பக்கமொன்றைத் தாமே எழுதிப் பார்ப்பாராக. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய அணியைத் தொடாது புதிய அணியையே ஆக்குதல் வேண்டும் என்னும் விதியையும் அதற்கு வகுத்துக்கொள்ளலாம்.