கடைசியில் உண்ணும் தாய்

அணைக்கட்டுச் சுற்றுவட்டாரத்து இல்லங்கள் பலவற்றில் பொழுது புலருமுன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. காலணித் தொழிற்சாலை வண்டி வருமுன் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உணவு கட்டியாகவேண்டும். தனக்கென எடுத்துவைக்க நேரமின்றி, ஒரு டம்ளர் தேநீரோடு தாய் புறப்பட்டுவிடுகிறாள். இதைத் தியாகம் எனப் போற்றிப் பழகிய நாம் அதன் விலையைக் கேட்பதில்லை.

2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல்! படியேறினால் மூச்சு வாங்குவதையும், தலை சுற்றுவதையும் வேலைக் களைப்பென்று ஒதுக்கிவிடுகிறோம். முருங்கைக்கீரை நம் கொல்லையிலேயே உண்டு. அதனோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அச்சத்து வீணாகும். ஒரு மணி நேரமாவது பொறுத்தல் நலம். வேலைக்கிடையே எழுந்து செல்லவேண்டுமே என்று தண்ணீர் குடியாதிருக்கும் வழக்கமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்கு அது வழிவகுக்கும்.

"நாள் முழுதும் உழைக்கிறோமே, உடற்பயிற்சி எதற்கு?" என்று தாய்மார் கேட்பது நியாயமே. ஆயினும் தையல் பொறியின்முன் கழுத்தைக் குனிந்து எட்டு மணி நேரம் அமர்ந்திருப்பது உழைப்பேயன்றிப் பயிற்சியாகாது. கைகளும் கண்களும் ஓய்கின்றன. இதயத்திற்கோ, கால்களுக்கோ போதிய இயக்கமில்லை. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடக்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளுக்கு அரைமணியாக ஐந்து நாள் நடந்தால் போதும். அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடப்பதை எந்தப் பங்குக்குருவும் தடுக்கமாட்டார்! ஒரு ஜெபமாலை முடிவதற்குள் இருபது நிமிட நடை ஆகிவிடும்.

நம் மாவட்டத்திற்கு இது புதிய கவலையன்று. ஆண் மருத்துவரை அனுமதியாத வீடுகளில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மாண்டதைக் கண்டு மனம் மாறியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இன்றோ அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கருப்பைவாய் ஆகிய பரிசோதனைகள் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. நோவில்லையே என்று தாய்மார் போவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயோ தொடக்கத்தில் நோவு தருவதேயில்லை.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி நடக்கச் செல்லும் அரைமணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது, பாத்திரத்தை யார் துலக்குவது என்பதை இன்றிரவே பேசி முடிவு செய்யுங்கள். பரிசோதனைக்கு அவர் செல்லும் நாளில் நீங்களும் உடன் செல்லுங்கள்.