வாப்பாவின் மொறிஸ் மைனர்

பழையனவற்றைப் போற்றுவதே பண்டிதர் தொழில் என்று என் மாணவர் நகையாடுவதுண்டு. ஏட்டுச்சுவடியளவில் அஃது உண்மை. ஆனால், பழமையொன்றையே நம்பி, பார்வை மங்கிய தாயை ஒரு கிழ மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்முனையிலிருந்து கொழும்புக்குப் புறப்படுவது அறிவுடைமையாகாது. சென்ற ஆண்டு நான் புறப்பட்டேன்.

உம்மாவுக்கு ஒரு கண் முன்னரே ஒளியிழந்துவிட்டது. மற்றக் கண்ணுக்குக் கொழும்பிலே சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். குளிரூட்டிய வேனில் ஏறினால் அரைமணி நேரத்தில் அவருக்குத் தலைசுற்றும். “ஒங்கட வாப்பாட கார்லெண்டா வாறன்” என்றார். அதற்குமேல் பேச்சில்லை.

வண்டி 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர், 948 சி.சி. எஞ்சின். 1948இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்ட இவ்வினத்தை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் ‘மினி’யை ஆக்கியவரும் அவரே. ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்தபின் 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்து அதனைக் கைவிட்டது. இலங்கை கைவிடவில்லை, கைவிட இயலவில்லை என்பதே பொருந்தும். அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதி தடைப்பட்ட காலங்களிலெல்லாம், அண்மையில் 2020 மார்ச் முதல் 2025 வரை நீண்ட தடையிலுங்கூட, கையிலுள்ள வண்டியைக் காத்துக்கொள்வதன்றி நம்மவர்க்கு வேறு வழியிருந்ததில்லை. எங்கள் வண்டியின் மைல்மானிக்கு ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999ஐக் கடந்தால் மீண்டும் பூச்சியம். அது இருமுறை பூச்சியமான நாட்களை வாப்பா தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

அக்கரைப்பற்றிலுள்ள கராஜ் பாஸிடம் வண்டியைக் காட்டினேன். இரண்டு நாள் விட்டுப்போகச் சொன்னார். எனக்கோ பொறுமையில்லை, எஞ்சின்தான் நன்றாக ஓடுகிறதே என்றேன். “எஞ்சினெ நம்புவன் சேர். முன்சில்லுட மூட்டெத்தான் நம்பமாட்டன்” என்றார்.

இவ்வண்டியின் முன்சில்லு ஒரு நிமிர்ந்த தண்டிலே திரும்புவது. தண்டின் மேலும் கீழும் புரியிட்ட மூட்டுகள். ஆயிரம் மைலுக்கொருமுறை அவற்றுக்குக் கிறீஸ் ஏற்ற வேண்டும். ஏற்றாவிடின் புரி தேய்ந்து, திருப்பமொன்றில் மூட்டுக் கழன்று, சில்லு வண்டிக்கடியிலே மடிந்துவிடும். முப்பதாண்டுகளாகச் சந்தி இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இந்தச் சந்தி தெரிந்திருக்கவில்லை. கழற்றிய இடப்பக்க மூட்டைப் பாஸ் என் உள்ளங்கையில் வைத்தார். புரி என்று சொல்ல அதிலே எதுவுமில்லை. அதனோடுதான் பல மாதம் அம்பாறைக்குப் போய்வந்திருக்கிறேன், பிள்ளைகளையும் ஏற்றியிருக்கிறேன்.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். காரைதீவைக் கடக்கையில் 1892இல் அங்கே பிறந்த விபுலாநந்த அடிகளை நினைத்துக்கொண்டேன். விஞ்ஞானமும் பயின்ற தமிழறிஞர் அவர். மூட்டைப் பாராமல் எஞ்சினை மெச்சியிருக்கமாட்டார். அக்கரைப்பற்று, பொத்துவில், லகுகலைக் காடு, மொனராகலை என மணிக்கு முப்பத்தைந்து மைலுக்குமேல் போகாமல் ஓட்டினேன். கொழும்புவரை நானூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பின்னால் வந்த பஸ்கள் ஒலியெழுப்பி ஏசின, பழகிப்போயிற்று.

வெல்லவாயவுக்கு அப்பால் மலையேற்றம். இவ்வண்டியில் வெப்பமானி கிடையாது. ஓட்டுபவன் மூக்கே வெப்பமானி. தியலும நீர்வீழ்ச்சியை நெருங்கும்போது ஆவி மணத்தது. நிறுத்திவிட்டேன். கொதிக்கும் றேடியேற்றரின் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். சூட்டோடு குளிர்நீர் வார்த்தால் எஞ்சினின் வார்ப்பிரும்பு வெடிக்கவும் கூடும். காத்திருப்பதொன்றே மருந்து.

உம்மா கதவைத் திறந்து காலை வெளியே வைத்தவாறு அமர்ந்திருந்தார். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர் அவருக்குக் கேட்டது, தெரியவில்லை.

“கலியாணம் முடிச்ச வருஷம் வாப்பாவும் இஞ்சதான் நிப்பாட்டின. தண்ணி கனக்க விழுதா மகன்?”

வருணனையைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவன் நான். “மெல்லிசாத்தான் உம்மா” என்பதற்குமேல் சொல் வரவில்லை.

முக்கால் மணி நேரம் கழிந்தபின் எஞ்சினை இயக்கிச் சிறிது சிறிதாக நீர் வார்த்தோம். பெரகலைக்கு அப்பால் பலாங்கொடை வரையுள்ள இறக்கமே எனக்குப் பேரச்சம் தந்தது. நான்கு சில்லுக்கும் பிறேக் எண்ணெய் ஒரே தொடுப்பில் செல்கிறது. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயின. பிறேக்கை ஓயாது மிதித்தாலோ சூடேறிப் பிடிப்பிழக்கும். ஆகவே இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். உம்மா திக்றில் இருந்தார். கொழும்பை அடைந்தபோது இஷாத் தொழுகையும் முடிந்துவிட்டிருந்தது.

சிகிச்சை நடந்தது. கண்ணை அவிழ்த்த நாளில் என் சட்டையின் நிறத்தைச் சொன்னார். முகம் இன்னும் புகைபோலத்தான் என்றார்.

திரும்பும் வழியில் தியலும இறக்கத்தில் வந்தது. எஞ்சின் கொதிக்கவில்லை, ஆயினும் நிறுத்தச் சொன்னார். அவர் அண்ணாந்து நோக்கியிருந்த நேரத்தில் நான் குனிந்து முன்சில்லிரண்டையும் பார்த்துக்கொண்டேன்.